பச்சை ஒயர்

கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவாகி இரண்டு மாதம் ஆகியும், எதை வாங்குவது என்பதில் ஹெலனுக்கும் அவள் கணவன் ஜோஷ்வாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அது 2003-ஆம் வருஷம். செங்கல்பட்டில் ஹெலன் பதினோரு வருஷம் டைப் அடித்த வக்கீல் ஆபீஸ், வக்கீல் காலமானதும் மூடிக்கொண்டது. பொத்தேரி காலேஜ் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க ஆள் தேடி அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே அந்த வேலையைப் பிடித்துக்கொள்ளலாம்.

"கம்பெனி மிஷினா வாங்கிடு. பொட்டியப் பிரிச்சா ஓடணும், ரிப்பேர்னா ஆளு ஓடியாரணும்," என்றான் ஜோஷ்வா. கல்பாக்கம் அணுமின் நிலையத்து ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவன். சீலும் கையெழுத்தும் இல்லாத எதையும் அவன் நம்பியதில்லை. "பார்ட் பார்ட்டா வாங்கி ஒட்ட வச்சிக்கினா, நாளைக்கு எவன் பொறுப்பு?"

ஹெலனுடைய அண்ணன் தேவசகாயமும் அதையேதான் சொன்னான். அவன் வீடு கட்டி விற்பவன். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து கொத்தனார் கையாளாகக் கிளம்பி, மேஸ்திரியாகி, திருக்கழுக்குன்றம் சாலையில் மனை வாங்கி வரிசையாகப் பதினோரு வீடு எழுப்பியிருந்தான். அதில் நான்காவது வீடு ஹெலனுடையது. முப்பத்தாறு வயதான தங்கச்சியை அவன் இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான்.

"ரெடிமேடா வாங்கிக்கினா தலவலி இல்ல பாப்பா. இந்த வூட்டயே பாரு. சாவிய வாங்கன, குடி வந்த. மூணு வருஷத்துல எதனா ஒரு கவல கீதா உனக்கு?"

இல்லைதான். அந்த நன்றியில்தான் நிலைய ஊழியர்கள் இருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் தெரிந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் கட்டறதுங்க, கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்று சொல்லி மூன்று குடும்பங்களை அவளே கூட்டிவந்து விட்டிருந்தாள்.

ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் மனதை மாற்றியவள் ஷபானா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறவள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். ரிப்பேருக்கு வந்த கம்பெனி மிஷின் ஒன்றையும் தான் பூட்டிய மிஷின் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டின் மூடியையும் கழற்றிக் காட்டினாள்.

"பாத்துக்கக்கா. இதுல இருக்கறதெல்லாம் அதுலயும் கீது. அது மேல பேரு எழுதிக்கீது, இதுல எழுதல. பேருக்குத்தான் இன்னொரு பங்கு துட்டு."

அப்பட்டமாகத் திறந்து காட்டியது ஹெலனுக்குப் பிடித்துப்போயிற்று. கம்பெனி ஷோரூமில் யாரும் மூடியைக் கழற்றவில்லை. அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேரும் எலக்ட்ரிக் ரயிலில் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். கணவன், அண்ணன் இருவர் பேச்சையும் மீறி ஹெலன் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. ஷபானா கடையில் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள், கோளாறில்லை. ஆட்டோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் காலை ஹெலன் தரையைத் துடைத்துவிட்டு, ஈரம் காயுமுன்பே வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கீபோர்டு வேலை செய்யவில்லை. பிளக் தளர்ந்திருக்கும் என்று பின்பக்கம் கையை நீட்டியவளின் மணிக்கட்டு பெட்டியின் தகரத்தில் பட்டது. சுருக்கென்று முழங்கை வரைக்கும் ஏதோ ஏறியது. கையை உதறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் மோதி நின்றாள். பல்லி ஏதும் கடித்துவிட்டதோ என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி விரல் நுனியால் தொட்டாள். மறுபடி கடித்தது.

"நான் சொல்லல?" என்றான் ஜோஷ்வா. அன்று முழுக்க அதை நாலு விதமாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட வந்த தேவசகாயமும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "சில்லறையா வாங்கிப் பூட்டனது வேற எப்டி இருக்கும்? ஒண்ணு பண்ணு பாப்பா. ரப்பர் செருப்பு போட்டுக்கினு ஒக்காரு. ஒண்ணியும் ஆவாது."

ஒரு வாரம் ஜோஷ்வாவின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு டைப் அடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் தன் புத்திகெட்டத்தனத்தை எழுதுவதுபோல இருந்தது. அடுத்த சனிக்கிழமை பொறுக்காமல் ஷபானா கடைக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டாள்.  ஷபானா டெஸ்டரையும் ஒரு பல்பு மாட்டிய ஹோல்டரையும் பையில் போட்டுக்கொண்டு தன் ஸ்கூட்டியை எடுத்தாள்.

"மிஷின அப்பறம் பாக்கலாங்க்கா. மொதல்ல வூட்டப் பாக்கறேன்."

"வூட்ல இன்னா பாக்கறது? எங்க அண்ணன் கட்டன வூடு."

"சும்மா ஒரு பார்வதான்."

அன்று ஜோஷ்வாவுக்கு லீவு. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஷபானா டெஸ்டரைப் பெட்டியின் மேல் வைத்தாள். சிவப்பாக எரிந்தது. சுவரிலிருந்த மூன்று துளை பிளக்கைக் கழற்றினாள். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்று ஒயரும் ஒழுங்காக முடுக்கப்பட்டிருந்தன.

"பச்ச ஒயரு கீதே," என்றான் ஜோஷ்வா. "எர்த்து அதான?"

"ஒயரு கீதுண்ணா. அது எங்க போவுதுன்னு பாக்கணும்."

ஹோல்டரின் இரண்டு முனைகளைச் சிவப்பிலும் கறுப்பிலும் வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. கறுப்பை விட்டுப் பச்சையில் வைத்தாள். பல்பு எரியவில்லை. சமையலறை, ஹால், பாத்ரூம் வாசல் என்று ஒவ்வொரு பிளக்காக அதையே செய்தாள். எங்கும் எரியவில்லை. ஷபானாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"கம்பெனி மிஷினோ, நான் பூட்டனதோ, எந்தக் கம்ப்யூட்டரா இருந்தாலும் துளி கரண்டு பாடிக்கு வரும்க்கா. அத பச்ச ஒயரு மண்ணுக்குள்ள இழுத்துக்கும். ஒங்க வூட்ல இழுக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"அப்டி இருக்காது," என்றாள் ஹெலன். "பின்னாடி எர்த் குழி கீது. நான் வாராவாரம் தண்ணி ஊத்தறேன்."

உண்மை. குடிவந்த நாளன்று தேவசகாயம் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், சிமெண்டு வளையத்துக்குள் தலை நீட்டிய குழாயைக் காட்டி, "சனிக்கெழம சனிக்கெழம ரெண்டு பக்கெட்டு ஊத்திடு பாப்பா, அப்பதான் மண்ணு ஈரமா இருந்து கரண்ட இழுக்கும்" என்று சொல்லியிருந்தான். குடிதண்ணீருக்குக் குடம் தூக்கி அலைந்த கோடையிலும் ஹெலன் அதை நிறுத்தவில்லை.

மூவரும் கொல்லைக்குப் போனார்கள். ஜோஷ்வா கடப்பாரையை எடுத்து வளையத்துக்குள் இரண்டு போடு போட்டான். குழாயைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். அது சுலபமாக அசைந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தான். கையோடு வந்துவிட்டது.

முழங்கை நீளம்கூட இல்லை. அடிமுனை ரம்பத்தால் நேராக அறுக்கப்பட்டிருந்தது. அதில் எந்த ஒயரும் கட்டியிருக்கவில்லை. அடியில் கரி இல்லை, உப்பு இல்லை, தகடு இல்லை. உடைந்த செங்கல்தான் கிடந்தது. மீட்டர் பலகையைக் கழற்றியபோது, வீட்டின் பச்சை ஒயர்கள் எல்லாம் ஒன்றாக முறுக்கிச் சுவருக்குள் செருகி, மேலே சிமெண்டு பூசியிருந்தது தெரிந்தது.

ஜோஷ்வா குழாயைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்தான்.  ஹெலன் வளையத்துக்குள் குனிந்து பார்த்தாள். மூன்று வருஷம், சனிக்கிழமை தவறாமல், செங்கல் ஜல்லிக்கா தண்ணீர் ஊற்றினோம்? ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்ட நாட்கள், ஈரத் தலையோடு இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த நாட்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அரை மணியில் பைக்கில் வந்தான். ஜோஷ்வா கையிலிருந்த குழாயைப் பார்த்ததும் வண்டியை ஸ்டாண்டு போட மறந்து அப்படியே நின்றான்.

"வயரிங் ஆளு ஏமாத்திட்டான் பாப்பா. எல்லாத்தயும் நானா பாக்க முடியும்?"

"ஏமாத்திட்டானா?"

"பின்ன? குழி தோண்டி, தாமிரத் தகடு எறக்கி, ஒவ்வொரு வூட்டுக்கும் அது ஒரு தனிச் செலவு. அவன் அமுக்கிக்கினான் போல."

ஹெலன் அவன் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் அவன் பொய் சொல்லும்போது இடது காதைத் தடவுவான். இப்போது தடவவில்லை. ஆனால் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னவன் அவன். மிஷினைத் தொட்டால் கடிக்கிறது என்று கேட்டதுமே ஏனென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அண்ணே, உன் வூட்ல கீதா? தகடு?"

"இன்னா கேள்வி இது."

"கீதா இல்லியா?"

"கீது."

"அதே வயரிங் ஆளுதான போட்டான்?"

தேவசகாயம் எரிச்சலாகத் தலையைத் திருப்பிக்கொண்டான். "அது நான் இருக்கறதுக்குக் கட்டனது பாப்பா. இது விக்கறதுக்குக் கட்டனது. எல்லாரும் அப்டித்தான் கட்டறான், நான் மட்டுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. ஜோஷ்வா, "மச்சான்..." என்று ஏதோ ஆரம்பித்தான். ஹெலன் அழவுமில்லை, கத்தவுமில்லை.  கம்ப்யூட்டர் கடித்தபோதாவது கையை எடுத்துக்கொள்ள முடிந்தது.

"நான் உன் தங்கச்சிண்ணே," என்றாள்.  பிறகு ஷபானாவைப் பார்த்து, "அந்தப் பல்ப எடுத்துக்கோம்மா. மீதி வூட்டயும் பாத்துடலாம்," என்றாள்.

"பாப்பா, தெருவ கூட்டாத. நானே மெதுவா சரி பண்ணிடறேன்," என்று தேவசகாயம் பின்னாலேயே வாசல்வரை வந்தான். அவள் திரும்பவில்லை.

முதல் இரண்டு வீட்டிலும் பல்பு எரியவில்லை. மூன்றாவதாக ஹெலனும் ஷபானாவும் போனது ராமானுஜம் வீட்டுக்கு. கல்பாக்கத்தில் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர். திருநெல்வேலிப் பக்கம். ஹெலன் வாய்ச்சொல்லை நம்பி வாங்கிய மூன்று பேரில் ஒருவர். போன வருஷம் அவர் மனைவி ஞானம்மாள் சமையலறையில் மாவாட்டும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இன்றுவரை வாக்கர் வைத்துத்தான் நடக்கிறாள். 'கிரைண்டர் என்னைப் புடிச்சு இழுத்துச்சு' என்று அவள் ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பிரஷர், தலைசுற்றல் என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். 'உங்களுக்கு பிரமைம்மா' என்று ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபடியே சொன்னவர்களில் ஹெலனும் ஒருத்தி.

ஷபானா சமையலறை பிளக்கில் பல்பை வைத்தாள். எரியவில்லை. விஷயத்தை ஹெலன்தான் சொல்ல வேண்டியிருந்தது. நின்றபடியே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.  ஞானம்மாள் வாக்கரைத் தரையில் ஓங்கித் தட்டிக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியளா? நான் சொன்னேம்லா! பதினாலு மாசமா சொல்லுதேன். ஒரு ஆளு நம்புனியளா?"

 ராமானுஜம் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. "அந்தக் கிரைண்டர்..." என்றார். "அத நம்ம செங்கம்மாளுக்குக் குடுத்துட்டமே."

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செங்கம்மாள் அந்தத் தெருவில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். பொங்கலுக்கு அந்தக் கிரைண்டரை அவள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதை ஹெலனே பார்த்தாள். இரண்டு நாளாக அவள் வேலைக்கு வரவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது.

ஷபானா ஸ்கூட்டியைக் கிளப்ப, ஹெலன் பின்னால் தொற்றிக்கொண்டாள். செங்கம்மாள் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். ஏரிக்கரை வளைவில் எதிரே வந்த லாரிக்குக்கூட ஷபானா வேகத்தைக் குறைக்கவில்லை. ஹெலனுக்கு ஜெபம் வரவில்லை. 'இரண்டு நாளா வரல, இரண்டு நாளா வரல' என்பதே வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

செங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். இவர்களைக் கண்டு பதறி எழுந்தாள். "இன்னாக்கா, இம்மாந்தூரம் வந்துகிறீங்க? ஜொரம்க்கா, அதான் வரல. நாளைக்கு வந்துடறேன்."

ஹெலன் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மூலையில் கிரைண்டர் இருந்தது. மேலே பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் சாமி படமும் ஊதுபத்தி ஸ்டாண்டும்.

"நீ இதப் போடறதில்லியா?"

"எங்க வூட்ல ஏதுக்கா பிளக்கு? ஒரு பல்பு சர்வீஸுதான். பொண்ணு கல்யாணத்துக்குக் குடுக்கலாம்னு வச்சிக்கினு கீறேன்." பிறகு இருவர் முகத்தையும் பார்த்து, "இன்னாக்கா ஆச்சு?" என்றாள்.

ஹெலன் அந்த மண்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. சின்னக் குழந்தைபோலத் தேம்பித் தேம்பி அழுதாள். ஒன்றும் புரியாத செங்கம்மாள் காய்ச்சல் கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கிரைண்டரைக் கடைக்குக் கொண்டுபோய் ஷபானா பிரித்துப் பார்த்தாள். மோட்டார் கம்பிச் சுருளின் மேல்பூச்சு ஓரிடத்தில் உரிந்து வெளித்தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பச்சை ஒயர் மண்ணுக்குப் போயிருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான். அந்த மோட்டாரைக் கையிலெடுத்துக்கொண்டு ராமானுஜம் வீட்டுக்குப் போய், உரிந்த இடத்தை ஹெலன் ஞானம்மாளிடம் காட்டினாள். ஞானம்மாள் அதை வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. ராமானுஜம் அன்று மாலை முழுவதும் வெளியில் வரவில்லை. செங்கம்மாளுக்குப் புதுக் கிரைண்டர் ஒன்றை அவர் வாங்கிக் கொடுத்தார். அது இப்போதும் துணி போர்த்தியபடியே இருக்கிறது என்று கேள்வி.

பதினோரு வீட்டில் பத்தில் பல்பு எரியவில்லை. பல்பு எரிந்த ஒரு வீட்டுக்காரர், குடிவருமுன் தன் ஆளை வைத்துத் தனியாகக் குழி போட்டுக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமை தெருவே தேவசகாயம் வீட்டு முன்னால் போய் நின்றது. போலீஸ் என்றார்கள், கோர்ட் என்றார்கள். ஹெலன் கூட்டத்தோடு நின்றாள். அண்ணி ஜன்னல் வழியே அவளைப் பார்த்த பார்வையை அவளால் மறக்க முடியாது. கடைசியில் தேவசகாயம், ஒன்றரை மாதத்துக்குள் எல்லா வீட்டுக்கும் குழி வெட்டித் தகடு இறக்குவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். பல்பு எரிகிறதா என்று ஷபானா வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தக் காகிதத்திலேயே எழுத வைத்தவன் ஜோஷ்வா. அதற்குப் பிறகு அவன் கம்பெனி மிஷின் என்ற பேச்சை எடுக்கவில்லை. ஷபானாவை வீட்டில் 'இன்ஜினியர்' என்று சொல்லத் தொடங்கினான்.

ராமானுஜம் வீட்டுக் குழி கடைசியாக வெட்டப்பட்டது. அன்று வந்த கூலியாட்கள் இரண்டு பேர்தான். தேவசகாயமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். கையாளாக இருந்த காலத்துக்குப் பிறகு அவன் மண்வெட்டி பிடித்து யாரும் பார்த்ததில்லை. ஹெலன் மதிலுக்கு அந்தப்புறம் தன் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவு திறந்தது. ஞானம்மாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து குழியின் விளிம்பில் நின்றாள்.

"என்னத் தூக்கிக் கட்டில்ல போட்டியளே, அன்னைக்கு நீயும் ஒரு கை புடிச்ச," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "கிரைண்டர் இழுத்துச்சுன்னு நான் சொல்லும்போ எனக்கு நேரா நின்ன. கேட்டுச்சா இல்லையா?"

தேவசகாயம் நிமிரவில்லை. மண்வெட்டி நின்றுவிட்டது.

"பதில் சொல்ல வேண்டாம்," என்றாள் ஞானம்மாள். "கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். நல்லா ஆழமா வெட்டு."

வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.  பிறகு மெல்ல மண்வெட்டி விழ ஆரம்பித்தது.

ஹெலன் வீட்டுக்குள் போய் டீ போட்டாள். ராமானுஜம் கொல்லைக்கு எடுத்துப்போய் இரண்டு கூலியாட்களுக்கும் கையில் கொடுத்தாள். மூன்றாவது டம்ளரைக் குழி ஓரமாக வைத்தாள். அவனைக் கூப்பிடவில்லை. டீ ஆறுவதற்குள் அவன் பார்ப்பான் என்று நினைத்தபடி, தன் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.